பின் சஸ்பென்ஷனில் கேட்ட ‘டொக்’: உயரம் குறைக்கப்பட்ட ஒரு போலோவின் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், 2014-ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று கோயம்புத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓடியிருந்த தூரம் 78,000 கிலோமீட்டர். இடது பின்சக்கரத்தின் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்பதே புகார். அதைப் போக்குவதற்காக உரிமையாளர் ஏற்கெனவே இரண்டு பட்டறைகளுக்குச் சென்று, ஒன்றில் பின்பக்க ஷாக் அப்சார்பர்களையும் மற்றொன்றில் பின் அச்சுத் தண்டான பீமின் புஷ்களையும் (அதை வண்டியின் உடலோடு இணைக்கும் ரப்பர் குழல்கள்) மாற்றியிருந்தார். இரண்டு முறையும் வண்டி சில நாட்கள் அமைதியாக ஓடியது. பிறகு சத்தம் திரும்பியது. போன சத்தம் ஏன் சில நாட்கள் கழித்துத் திரும்புகிறது என்ற கேள்வியை நாங்கள் முதல் நாளிலேயே கேட்டிருந்தால் ஒன்றரை நாள் உழைப்பு மிச்சமாகியிருக்கும். ஆகவே இந்த ஆய்வை நடந்த வரிசையிலேயே, நாங்கள் தவறிப்போன வழிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி இருந்த நிலை

போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பைக் கொண்டது. 1974-இல் வெளிவந்த முதல் கோல்ஃபிலும் சிரோக்கோவிலும் ஃபோக்ஸ்வாகன் பயன்படுத்திய அடிப்படைதான் இதிலும் தொடர்கிறது. முன்னிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு கைகளை, முறுக்கத்துக்கு இணங்கக்கூடிய ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஒவ்வொரு கையின் முன்முனையும் ஒரு பெரிய ரப்பர் புஷ் வழியாக வண்டியின் உடலோடு பொருந்தி, அங்கிருந்து மேலும் கீழும் ஆடுகிறது. காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக நிற்கின்றன. ஸ்பிரிங் கையின் மேல் உள்ள இருக்கைக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் இடையில் அமர்கிறது. ஷாக்கின் கீழ்க்கண் (கீழ்முனை வளையம்) கையோடு ஒரு போல்ட்டால் இணைகிறது. ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் பாகமான மேல் மவுண்ட், சக்கர வளைவுக்குள்ளிருந்து இரண்டு போல்ட்களால் உடலோடு பிணைக்கப்படுகிறது. ஷாக்கின் தண்டை அந்த மவுண்ட்டோடு இறுக்கிப் பிடிக்கும் நட், மவுண்ட் பொருத்தப்பட்ட பின் உடலின் குழிவுக்குள் சென்று மறைந்துவிடும். மவுண்ட்டைக் கழற்றாமல் அதைப் பார்க்கவோ தொடவோ முடியாது. கடைசியில் நாங்கள் வந்து சேர்ந்த இடம் அந்த நட்தான்.

செய்யப்பட்டிருந்த மாற்றங்கள் வருமாறு. பதினான்கு மாதங்களுக்கு முன் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயிலோவர் தொகுப்பு (ஸ்பிரிங்குகளும் ஷாக்குகளும்) ஒன்று பொருத்தப்பட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் முன்பக்கம் 40 மி.மீட்டரும் பின்பக்கம் 45 மி.மீட்டரும் வண்டி தாழ்த்தப்பட்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்த 185/60 ஆர்15 டயர்களின் இடத்தில் 205/40 ஆர்17 டயர்கள் இருந்தன. கடைசி சைலன்சர் துருவேறா எஃகில் புதிதாகச் செய்யப்பட்டிருந்தது. டிக்கியில் ஒரு சப்வூஃபர் பெட்டி. பீமின் முன்முனைகளில், இரண்டாவது பட்டறை ரப்பருக்குப் பதிலாகப் போட்ட, கடினமான செயற்கைப் பொருளான பாலியூரித்தேன் புஷ்கள். இவற்றில் எதுவுமே வண்டி தயாரானபோது இருந்ததல்ல என்பதால், இனி சொல்லப்போகும் குறை வண்டியைத் தயாரித்தவர்களைச் சேர்ந்தது அன்று என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மாற்றம் செய்யப்பட்ட வண்டியில் சத்தம் தேடுவது கடினமாவதற்குக் காரணம் உண்டு. மாற்றப்படாத வண்டியில் எது தேயும், எந்த வயதில் தேயும் என்பது அனுபவமுள்ள எவருக்கும் தெரியும். மாற்றப்பட்ட வண்டியில் தேய்மானத்தைவிடப் பொருத்தம்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஒரு தொழிற்சாலையின் மவுண்ட்டும் இன்னொரு தொழிற்சாலையின் ஷாக்கும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. இரண்டும் தனித்தனியே குறையற்றவையாக இருந்து, சேரும் இடத்தில் மட்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட குறையைப் புதிய உதிரிபாகம் வாங்கித் தீர்க்க முடியாது. புதிய பாகமும் அதே பொருந்தாத இடத்தில்தான் போய் அமரும்.

உரிமையாளர் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

உரிமையாளர் கவனமாகக் கேட்டு வைத்திருப்பவர். “ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது வர்றதில்லைங்க சார், இறங்குன பிறகுதான் வருது. செட்டிப்பாளையம் டிராக்ல எவ்வளவு வேகமாப் போனாலும் வர்றதே இல்லைங்க” என்றார். அவர் சொன்ன பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேயின் தளம் சீரானது; அங்கே வளைவுகளில் உடல் சாய்கிறது, பிரேக்கில் முன்னால் குனிகிறது, ஆனால் சக்கரம் திடீரென்று பள்ளத்தில் விழுவதில்லை. சுமை மெதுவாக மாறும்போது வராமல், சக்கரம் சட்டென்று கீழே விழும்போது மட்டும் சத்தம் வருகிறது என்பதே அவர் சொன்னதன் பொருள்.

நகரத்து வேகத்தடைகளைப் பற்றி இங்கே சில வரிகள் தேவை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 வழிகாட்டி சொல்லும் வேகத்தடை, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு: 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் உடையது, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு உரியது. அப்படி ஒன்றின் மேல் சக்கரமும் உடலும் ஏறக்குறைய ஒன்றாகவே எழுந்து தாழும். எங்கள் பட்டறைத் தெருவில் உள்ளதோ அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் சிமெண்ட் வரம்பு. அதன் மறுவிளிம்பில் சக்கரம் விழும் வேகத்தை எந்த வடிவமைப்பாளரும் கணக்கில் வைத்திருக்க மாட்டார். எங்களுக்கு அது நல்ல சோதனைக் களமாக அமைந்தது.

முதல் ஓட்டத்தில் உரிமையாளர் ஓட்ட, நான் பின் இருக்கையில் அமர்ந்தேன். மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வரையான வேகத்தில், உடைந்த தார் விளிம்புகளில் சத்தம் தெளிவாகக் கேட்டது. கூர்ந்து கவனித்தபோது அது ஒற்றை ஒலியாக இல்லாமல், ஒன்றையொன்று ஒட்டிவரும் இரண்டு தட்டல்களாக, ‘டொ-டொக்’ என்று கேட்டது. அதோடு, உடல் மெதுவாக அசையும்போதெல்லாம் ‘கிறீச்’ என்ற உராய்வொலியும் இருந்தது. 40 கி.மீட்டருக்கு மேல் டயரின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இங்கேதான் என் பிழை நேர்ந்தது. கிறீச்சொலியும் டொக்கொலியும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்று எடுத்துக்கொண்டேன். பீமின் புஷ் தளர்ந்து, மெதுவாக அசையும்போது உராய்கிறது, வேகமாக அசையும்போது தட்டுகிறது என்பது கேட்பதற்கு நியாயமான விளக்கம்தான். அந்த எண்ணத்தில் அன்று முழுவதும் புஷ்களையே சுற்றிவந்தோம். லீவரைக் கொடுத்து நெம்பினோம், போல்ட்களை மறுபடி இறுக்கினோம், தாங்கிகளில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. இரவு நல்ல மழை பெய்தது. மறுநாள் காலை, திறந்த வெளியில் நனைந்து நின்ற வண்டியை எடுத்தபோது கிறீச்சொலி முற்றிலும் நின்றிருந்தது. டொக் மட்டும் மாறாமல் இருந்தது. நீர் ஒன்றை அடக்கி மற்றதை விட்டுவைத்ததால், இரண்டும் வேறு வேறு இடங்களில் பிறப்பவை என்பது உறுதியாயிற்று.

அதன்பின் உரிமையாளரின் பழைய பில்களை எடுத்துத் தேதிகளை வரிசைப்படுத்தினோம். டொக்கொலி காயிலோவர் பொருத்திய மூன்றாம் வாரத்தில் தொடங்கியது. உத்தரவாதத்தின் பேரில் ஷாக்குகள் மாற்றப்பட்டன. பத்து நாட்களில், ஏறத்தாழ 350 கி.மீ. ஓடியதும், சத்தம் திரும்பியது. புஷ்கள் மாற்றப்பட்டபோது பீமை இறக்கியதால் ஷாக்குகளும் கழற்றிப் பூட்டப்பட்டன. மறுபடி ஏறத்தாழ அதே தூரத்தில் அதே சத்தம். கிறீச்சொலியோ புஷ்கள் மாறிய பிறகு வந்தது, அதற்கு முன் இருந்ததே இல்லை. ஒரு சத்தத்தை நீக்கச் செய்த வேலை இன்னொரு சத்தத்தைப் பிறப்பித்து, அது முதல் சத்தத்தின் மேல் போர்வையாக விழுந்திருந்தது.

ஒவ்வொன்றாகக் கழித்தல்

டிக்கியில் தொடங்கினோம். சப்வூஃபர் பெட்டி, ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை, பின் தட்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு ஓட்டினோம். பின் இருக்கையின் சாய்மானப் பூட்டில் துணியைச் சுற்றினோம். சைலன்சருக்கும் பீமுக்கும் இடையே இருந்த 14 மி.மீ. இடைவெளியில் ரப்பர் துண்டைச் செருகினோம். ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் இழுத்து வைத்து, டிரம்முக்குள் பிரேக் ஷூ ஆடுகிறதா என்று பார்த்தோம். எதிலும் சத்தம் மாறவில்லை. இவை ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைகள். இவற்றைச் செய்யாமல் எந்த போல்ட்டிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து ஸ்பிரிங். தாழ்த்தப்பட்ட வண்டிகளில் இதன் மேல் சந்தேகம் விழுவது முறையே. குட்டையான ஸ்பிரிங்கோடு நீளமான ஷாக் சேர்ந்தால், சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி, திரும்ப அமரும்போது தட்டும். ‘இறங்கிய பிறகுதான் வருகிறது’ என்ற குறிப்புக்கும் இது பொருந்துகிறது. லிஃப்டில் ஏற்றிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் சுற்ற முயன்றோம். அசையவில்லை, அளந்தபோது, முழுத் தொங்கலிலும் அது 6 மி.மீ. அமுக்கத்தில் இருந்தது. அப்படியும் ஐயம் தீரவேண்டும் என்பதற்காக, ஸ்பிரிங்கின் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயை மாட்டி ஓட்டினோம். ‘டொக்’ அப்படியே இருந்தது.

லிஃப்டில் இருக்கும்போதே எங்கள் மூத்த மெக்கானிக் ஷாக்கின் கீழ்க்கண்ணையும் மேல் மவுண்ட்டையும் லீவரால் நெம்பிப் பார்த்து, எல்லாம் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். முந்தைய இரண்டு பட்டறைகளிலும் இதே சோதனையைச் செய்து, இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. அந்தச் சோதனைக்கு இந்தக் குறை அகப்படாது; ஏன் அகப்படாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு சிறு ஒலிவாங்கிகளைக் கவ்விகளால் பொருத்தி, கேட்பொறியில் ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே ஓட்டும் கருவி எங்களிடம் உண்டு. ஷாக்கின் கீழ்க்கண், ஸ்பிரிங்கின் மேலிருக்கை, பீமின் புஷ், ஷாக்கின் மேல் மவுண்ட் ஆகிய நான்கு இடங்களில் அவற்றை வைத்தோம். கிறீச்சொலி ஐயத்துக்கிடமின்றிப் புஷ்ஷில் கேட்டது. டொக்கொலியோ மேல் மவுண்ட்டில் உரக்கவும், ஸ்பிரிங்கின் மேலிருக்கையில் ஏறக்குறைய அதே அளவிலும் கேட்டது. எஃகில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டர் அளவில் ஓடுகிறது. ஒரே அடிச்சட்டத்தில் அரை மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு இடங்களில் எது முதலில் ஒலித்தது என்று காது பிரித்தறிய வழியில்லை. இந்தக் கருவியை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்வது அபாயம். அது தேடும் வட்டத்தைச் சுருக்கித் தரும், அவ்வளவே.

எனவே சத்தம் செல்லும் பாதையையே துண்டித்துப் பார்த்தோம். பட்டறை வளாகத்தில் 40 மி.மீ. உயரமுள்ள மரப்பலகை ஒன்றைத் தரையில் பதித்து, இடது ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஷாக்கை மேலே கட்டிவைத்து, மணிக்கு 10 கி.மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் பலகையைக் கடந்தோம். இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த அமைப்பில் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்துவைப்பதும் ஷாக்தான். அது இல்லாதபோது சக்கரம் தரையை விட்டு எழுந்தால் ஸ்பிரிங் நழுவி வெளியே விழுந்துவிடும். சமதளத்தில், நடக்கும் வேகத்தில், ஜாக்கியில் ஏற்றாமல் மட்டுமே இதைச் செய்யலாம். பொதுச் சாலையில் ஒருபோதும் கூடாது. ஷாக் இணைந்திருந்தபோது பலகையில் பத்துக்குப் பத்து முறை கேட்ட சத்தம், ஷாக் துண்டிக்கப்பட்டதும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஷாக்கின் பாதை என்றால் மூன்று இடங்கள்: கீழ்க்கண், ஷாக்கின் உட்புறம், மேல் மவுண்ட். வலது, இடது ஷாக்குகளை மட்டும் இடம் மாற்றினோம். மவுண்ட்டையும் அதன் வாஷர்களையும் அந்தந்தப் பக்கத்திலேயே விட்டோம். சத்தம் இடப்பக்கமே தங்கியது. ஷாக் குற்றமற்றது. பிறகு மவுண்ட்டையும் அதோடு சேர்ந்த எல்லாச் சில்லறைப் பாகங்களையும் இடம் மாற்றினோம். சத்தம் வலப்பக்கம் போயிற்று. ஒரு குறையை நாம் விரும்பிய இடத்துக்கு நகர்த்த முடிந்தால், அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று துணிந்து சொல்லலாம்.

1.3 மில்லிமீட்டர்

இரண்டு மவுண்ட்களையும் மேசையில் பிரித்து வைத்து, வெர்னியரால் ஒவ்வொரு பாகத்தையும் அளந்தோம். ஷாக்கின் தண்டு மேலே ஒரு படியாக மெலிந்து, அந்த மெலிந்த பகுதியில் சிறிது தூரம் மரை (திருகு வரி) இல்லாமலும் பிறகு 10 மி.மீ. விட்டமுள்ள மரையோடும் முடிகிறது. படியின் மேல் ஒரு தடித்த வாஷர், அதன் மேல் மவுண்ட்டின் எஃகுக் குழல், அதன் மேல் இன்னொரு வாஷர், கடைசியில் நட் என்பது அடுக்கு. நட் கீழே இறங்க இறங்க, இந்த அடுக்கு முழுவதும் படிக்கும் நட்டுக்கும் இடையில் நசுக்கிப் பிடிக்கப்பட்டு, தண்டும் குழலும் ஒரே பொருள் போல ஆகிவிட வேண்டும்.

படியிலிருந்து மரை முடியும் இடம் வரை 21.0 மி.மீ. இருந்தது. அதற்குக் கீழே நட் இறங்காது. வலப்பக்க அடுக்கில் கீழ் வாஷர் 3.0, குழல் 16.4, மேல் வாஷர் 2.4, ஆக மொத்தம் 21.8 மி.மீ. நட் தன் எல்லையைத் தொடுவதற்கு 0.8 மி.மீ. முன்பே அடுக்கைப் பிடித்துவிடுகிறது. இடப்பக்க அடுக்கில் அந்த 3 மி.மீ. கீழ் வாஷரே இல்லை. அதன் இடத்தில், வாஷருக்குக் கீழே தொங்கி, தண்டைத் தூசியிலிருந்து காக்க வேண்டிய டஸ்ட் கவரின் பிளாஸ்டிக் விளிம்பு மாட்டிக்கொண்டிருந்தது. புதிய கவரில் அந்த விளிம்பின் தடிப்பு 2.4 மி.மீ.; இதில் நசுங்கித் தேய்ந்து 0.9 மி.மீட்டராகியிருந்தது. புதிதாகப் பூட்டும்போது மொத்தம் 21.2, நட் பிடித்துக்கொள்கிறது, அதுவும் 0.2 மி.மீ. அளவுக்கு. சில நூறு கிலோமீட்டரில் பிளாஸ்டிக் நசுங்கி, மொத்தம் 19.7 ஆகிறது. மீதி 1.3 மி.மீ. வெற்றிடம். தண்டு அந்த வெற்றிடத்தில் மேலும் கீழும் குதிக்கிறது.

சத்தம் ஏன் ஒவ்வொரு முறையும் போய்த் திரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை பூட்டியபோதும் புதிய டஸ்ட் கவர் போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது நசுங்கும் வரை வண்டி அமைதியாக இருந்தது.

பூட்டியவர் நட்டை, குறித்த முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ என்னும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்கியதாக உரிமையாளர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கும். நட்டின் கீழ்ப்பக்கத்து மரை, தண்டின் மரை முடியும் இடத்தில் நெரிந்து மினுங்கியதை உருப்பெருக்கியில் பார்த்தோம். நட் இறங்கும் எல்லைக்கு வந்து முட்டி, அங்கே இறுகியது. ரெஞ்சும் ‘கிளிக்’ என்று சொன்னது. ரெஞ்சுக்குத் தெரிவது சுற்றுவதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பது மட்டுமே. அந்த எதிர்ப்பு அடுக்கைப் பிடிப்பதால் வந்ததா, மரை முடிந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. 10 மி.மீ. மரையில் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு சரியாக விழுந்தால், அடுக்கின் மேல் ஏறத்தாழ ஒரு டன்னுக்கு நிகரான பிடிவிசை கிடைக்கும். இங்கே அதே முறுக்குக்குக் கிடைத்த பிடிவிசை சுழியம்.

இனி, லீவருக்கு இது ஏன் அகப்படவில்லை என்ற கேள்வி. இந்த ஷாக்குகள் ஒற்றைக் குழல் வகை. இவ்வகையில் அடைக்கப்படும் நைட்ரஜனின் அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 பார் வரை இருக்கும். தண்டின் விட்டம் 12 மி.மீ. என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 113 சதுர மி.மீ.; 20 பார் அழுத்தத்தில் அந்தப் பரப்பின் மேல் எழும் தள்ளுவிசை 226 நியூட்டன், அதாவது 23 கிலோ எடைக்குச் சமம். ஷாக்கைத் தலைகீழாக எடைத்தட்டின் மேல் நிறுத்தி அமுக்கிப் பார்த்தபோது எங்களுக்கும் அதே அளவு கிடைத்தது. வண்டி தரையில் நிற்கும்போது இந்த 23 கிலோ, தண்டை இடைவிடாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. படி அடுக்கின் மேல் அழுந்தி நிற்கிறது, வெற்றிடம் முழுவதும் நட்டின் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கையால் உடலை அமுக்கி ஆட்டினால், இவ்வளவு கடினமான ஸ்பிரிங்கில் எழும் சிறு அசைவு அந்தத் தள்ளுவிசையை மீறுவதில்லை. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதோ பீமின் எடை முழுவதும் தண்டைக் கீழே இழுக்கிறது. இப்போது நட் அடுக்கின் மேல் அமர்கிறது, வெற்றிடம் படியின் பக்கம் போகிறது. இரண்டு நிலைகளிலும் ஏதோ ஒரு பக்கம் இறுக்கமாகவே இருப்பதால், தொட்டுப் பார்ப்பவருக்கு எந்த ஆட்டமும் தெரியாது.

சாலையில் சக்கரம் சட்டென்று பள்ளத்தில் விழும்போது மட்டும், ஷாக் விரிவதற்குக் காட்டும் எதிர்ப்பு 23 கிலோவைத் தாண்டுகிறது. தண்டு கீழே இழுபட்டு நட் அடுக்கில் மோதுகிறது: முதல் தட்டல். சக்கரம் பள்ளத்தின் அடியைத் தொட்டு மேலே திரும்பியதும், தண்டு எழுந்து படி அடுக்கில் மோதுகிறது: இரண்டாவது தட்டல். ‘டொ-டொக்’ என்ற இரட்டை ஒலியின் காரணம் இதுவே. பந்தயத் தடத்தின் சீரான தளத்தில் இந்த விசைமாற்றம் இவ்வளவு சடுதியாக நிகழாததால் அங்கே அமைதி.

இந்தக் குறையைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு என்பதைப் பிறகு சோதித்து அறிந்தோம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, டஸ்ட் கவரைக் கீழே இறக்கி, தண்டின் படியும் மவுண்ட்டின் அடிப்பக்கமும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொள்ள வேண்டும். உதவியாளர் பீமின் அடியில் ஜாக்கியை வைத்து மெதுவாக உயர்த்தி இறக்க வேண்டும். இழுவை தள்ளலாக மாறும் அந்தக் கணத்தில் தண்டு மவுண்ட்டுக்குள் ஏறுவது விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. 1.3 மி.மீ. என்பது விரலுக்குப் பெரிய அளவு.

செய்த வேலை

மவுண்ட்டுக்கு 3 மி.மீ. தடிப்புள்ள, கடினப்படுத்திய எஃகு வாஷரை வாங்கிப் போட்டு, டஸ்ட் கவரை அதற்குரிய கீழிடத்தில் தொங்கவிட்டோம். வலப்பக்கத்தில் இருந்த 0.8 மி.மீ. மிச்சமும் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. உற்பத்தியில் வரும் சிறு வேறுபாடுகளே அதைத் தின்றுவிடலாம். எனவே இரண்டு பக்கமும் 1 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, அடுக்கை 22.8 மி.மீட்டராக்கினோம். நைலான் பூட்டு நட்கள் புதியவை. வண்டியில் ஏற்றுமுன், மேசையிலேயே அடுக்கு இல்லாமல் நட்டைக் கையால் எல்லைவரை இறக்கி, பிறகு அடுக்கோடு இறக்கி, இரண்டு நிலைகளுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து உறுதி செய்துகொண்டோம். இறுக்கும்போது தண்டு சுற்றாமலிருக்க அதன் தலையில் அலென் கீயை வைத்துப் பிடித்தோம். காற்று ரெஞ்சை இந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது: தண்டு அதிவேகமாகச் சுழன்று ஷாக்கின் சீலைக் கெடுத்துவிடும்.

கிறீச்சொலிக்குக் காரணம் பாலியூரித்தேன் புஷ்கள் கிரீஸ் இல்லாமல் உலர்ந்த நிலையில் ஏற்றப்பட்டதுதான். அவற்றுக்குரிய சிலிக்கோன் கிரீஸைத் தடவினால் சத்தம் நிற்கும். ஆனால் அவற்றை அங்கே விட்டுவைக்க எனக்கு மனமில்லை. டார்ஷன் பீமில், வளைவில் பக்கவாட்டு விசை வரும்போது பீம் முழுவதும் சற்றே திரும்பி, பின்சக்கரங்களைத் தவறான திசையில் கொண்டுபோக முயலும். இதை எதிர்ப்பதற்காகவே ஃபோக்ஸ்வாகன் இரண்டாம் தலைமுறை கோல்ஃபில், ஒரு திசையில் கடினமாகவும் மறு திசையில் இளக்கமாகவும் இருக்கும்படி வடிவமைத்த ரப்பர் புஷ்களைப் பயன்படுத்தியது. எல்லாத் திசையிலும் ஒரே கடினமுள்ள பாலியூரித்தேனில் அந்த நுட்பம் தொலைந்துபோகிறது. பந்தயத் தடத்துக்கும் போய்வரும் வண்டி என்பதால் இதை உரிமையாளரிடம் விளக்கிச் சொன்னேன். அவரும் கம்பெனி ரப்பர் புஷ்களுக்கே திரும்பச் சம்மதித்தார்.

ரப்பர் புஷ்ஷைப் பொருத்துவதில் ஒரு முறை தவறாமல் பின்பற்றப்பட வேண்டும். அதன் உட்குழல் போல்ட்டால் இறுக்கப்பட்ட கோணம்தான் ரப்பரின் ஓய்வு நிலை. அங்கிருந்து கை எந்தப் பக்கம் ஆடினாலும் ரப்பர் முறுக்கப்படும். லிஃப்டில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுக்கத்திலேயே கிடக்கும். இந்த வண்டியில் புஷ்ஷின் மையத்திலிருந்து சக்கர மையம் வரை 420 மி.மீ. அளந்தோம், தொங்கலிலிருந்து தரை நிலைக்குச் சக்கரம் 95 மி.மீ. எழுகிறது. ஏறத்தாழ 13 பாகை. அந்த நிரந்தர முறுக்கத்தில் ரப்பர் சில மாதங்களில் உட்குழலை விட்டுக் கிழியத் தொடங்கும். எனவே போல்ட்களைக் கையிறுக்கத்தில் விட்டு, வண்டியை நான்கு சக்கரங்களில் சரிவுத்தளத்தின் மேல் நிறுத்தி, முன்பின்னாகச் சிறிது உருட்டி அமரவிட்ட பிறகே இறுதியாக இறுக்கினோம். உயரத்தைப் பின்னாளில் கூட்டினாலோ குறைத்தாலோ இந்த போல்ட்களைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும் என்பதை உரிமையாளரின் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தோம்.

உறுதிப்படுத்தல்

முன்பு சத்தம் திரும்பியது 350 கி.மீட்டரில் என்பதால், பட்டறை வாசலில் அமைதியாக இருப்பதை எந்தச் சான்றாகவும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதே தெரு, அதே மரப்பலகை, டயரில் அதே 32 பிஎஸ்ஐ, அதே வேகம் என்று முதல் நாள் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு ஒலிகளும் இல்லை. உரிமையாளர் வண்டியை எடுத்துச் சென்று, 400 கி.மீட்டரிலும் பின்னர் 1,500 கி.மீட்டரிலும் கொண்டுவந்தார். இரண்டு முறையும் ஜாக்கியால் பீமை உயர்த்தி இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்தோம். தண்டு மவுண்ட்டோடு ஒன்றாகவே அசைந்தது. 1,500 கி.மீட்டரில் இடது மவுண்ட்டை மட்டும் கழற்றி, நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து இட்டிருந்த மஞ்சள் வண்ணக் கோடு விலகாமலிருப்பதைக் கண்டோம். அடுக்கின் உயரம் 22.8 மி.மீட்டரே.

பிளாஸ்டிக் விளிம்பு நசுங்கிய அந்தப் பழைய டஸ்ட் கவரையும், மரை நெரிந்த நட்டையும், காணாமற்போன வாஷரின் அளவு எழுதிய சீட்டையும் ஒரே உறையில் போட்டு உரிமையாளரிடம் கொடுத்தோம். வலப்பக்க சைலன்சர் தாங்கியின் ரப்பர் சற்று இளகியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் வண்டியைக் கிளப்பும்போது அங்கிருந்து வரும் சிறு அதிர்வொலி இன்னும் உள்ளது. அதற்கான ரப்பர் வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.